ஒரு சதமும் ஓர் எழுத்தும்

(வானொலி இலக்கிய வரிசையில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்தில் நான் ஒரு வங்கியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கவிதையையோ சிறுகதையையோ எதிர்பார்த்து வானொலியைத் திறந்தவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வங்கியிலும் எழுத்துத்தான் நடக்கிறது. அங்கே ஓர் எழுத்துப் பிழைத்தால் என்ன ஆகும் என்பதை மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அது 2018 ஆம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் வணிக முகாமைத்துவம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாடத்திட்டத்தில் தொழிற்பயிற்சியும் ஒரு பகுதி. மூன்றாம் வருட மாணவர்கள் ஒரு நிறுவனத்தில் மூன்று மாதம் வேலை பழக வேண்டும். நாளாந்தம் செய்த வேலையைக் குறிப்பேட்டில் எழுதி, பொறுப்பதிகாரியின் கையொப்பத்துடன் ஒப்படைக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது பதுளை நகரில் ஒரு வங்கிக் கிளை. எந்த வங்கி என்பது இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போவது என்னுடைய பிழையை. குறிப்பேட்டின் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. நான் செய்த நல்ல வேலைகள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பிழை மட்டும் இல்லை.

வெளிநாட்டு மாணவர்கள் இத்தகைய பயிற்சியைக் கோடை விடுமுறையில் செய்கிறார்கள். ஊவாவில் அப்படித் தனியாக ஒரு கோடை கிடையாது. எங்களுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று. தென்மேற்குப் பருவமழையை மேற்குச் சரிவுகளில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலைமுகட்டைத் தாண்டி எங்கள் பக்கம் இறங்கும் வறண்ட காற்று அது. நமுனுகுல மலையடியில் லயத்துத் தகரங்கள் இரவு முழுக்க அடித்துக்கொள்ளும். கொழுந்து குறையும். ஆனால் அந்த வறட்சியில் சுருங்கி வருகிற கொழுந்துக்குத்தான் மணம் அதிகம். ‘ஊவாத் தேயிலை’ என்று உலகச் சந்தையில் பேசப்படுகிற சரக்கு பெரும்பாலும் அந்த மூன்று மாதத்துக் கொழுந்துதான். தேயிலைக்குப் பேர் கூடுகிற காலத்தில், கொழுந்து எடுக்கிற பெண்ணுக்குப் பேர் குறையும். இந்தப் ‘பேர்’ என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அம்மா மலையில் கொழுந்து எடுத்தார். அப்பா தொழிற்சாலையில் வேலை செய்தார். காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பதுளை. 2005 இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தைத் தாண்டித்தான் அந்த பஸ் நகருக்குள் இறங்கும்.

முதல் நாள் என் விவரங்களை எழுதும்படி ஒரு படிவம் தந்தார்கள். விலாசம் என்ற இடத்தில் என் பேனா நின்றது. தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதியிருக்க வேண்டும். நான் ‘பசறை வீதி, பதுளை’ என்று எழுதினேன். யாரும் என்னை ஏளனம் செய்யவில்லை. செய்துவிடுவார்களோ என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு இந்தப் பழக்கம் தெரிந்திருக்கும்.

இந்த இடத்தில் ஓர் எழுத்தாளரை நினைத்துக்கொள்ள வேண்டும். 1934 இல் பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்தவர் ஜோசப். தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராக இருந்தார். பின்னர் கொழும்பில் கணக்காளராக வேலை செய்தார். ‘காலங்கள் சாவதில்லை’ என்ற நாவலையும் ‘நாமிருக்கும் நாடே’ என்ற சிறுகதைத் தொகுதியையும் எழுதிய தெளிவத்தை ஜோசப்பைத்தான் சொல்கிறேன். 2022 ஒக்டோபரில் அவர் நம்மை விட்டுப் பிரிந்தார். பகலெல்லாம் கணக்கு எழுதிய அந்த மனிதர், நாங்கள் மறைக்கப் பார்த்த தோட்டத்தின் பெயரைத் தன் சொந்தப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டார். அவருடைய கதைகளைப் பாடசாலைக் காலத்திலேயே நான் படித்திருந்தேன். ஆனாலும் அந்தப் படிவத்தில் பசறை வீதி என்றுதான் எழுதினேன். படித்தது வேறு, பழகியது வேறு.

பயிற்சிக்கு வருகிற மாணவருக்கு வங்கியில் பெரிய வேலை கிடைக்காது. நகல் எடுப்பது, கோப்புகளை இலக்க வரிசையில் அடுக்குவது, முந்திய நாள் வவுச்சர்களைக் கட்டுவது, எழுதத் தெரியாதவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, இவைதான் என் வேலைகள். எனக்குப் பொறுப்பாக இருந்தவர் நடுவயதுச் சிங்கள அம்மையார் ஒருவர். என்னை ‘நங்கி’ என்று கூப்பிடுவார். மதியத்தில் தன் சோற்றுப் பார்சலில் இருந்து எனக்கும் ஒரு பங்கு வைப்பார்.

மாலையில் நடப்பதுதான் என்னை வியக்க வைத்தது. காசாளர்கள் அன்றைய வரவையும் கொடுப்பனவையும் கையிருப்போடு ஒப்பிடுவார்கள். ஒரு சதம் கூடினாலும் குறைந்தாலும் யாரும் எழுந்து போக முடியாது. சதக்குற்றியை நாங்கள் கடையில் கண்டே எத்தனையோ வருடம். அப்படியிருந்தும் அந்த ஒரு சதத்துக்காக மொத்தக் கிளையும் வவுச்சர்களைப் புரட்டிக்கொண்டிருக்கும். ஒருநாள் இருட்டும்வரை தேடினோம். கடைசியில் ஏழை ஒன்று என்று படித்த இடம் அகப்பட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டே பையை எடுத்தார்கள். ‘கணக்கில் பிழை என்பது இரவு தங்கக்கூடாது’ என்று அம்மையார் எனக்கு விளக்கினார். அதைக் குறிப்பேட்டில் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டேன்.

தோட்டங்களில் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டிப் போடப்படும். அதற்கடுத்த நாட்களில் எங்கள் கிளை நிரம்பி வழியும். தலையில் முக்காடு, கையில் பொலித்தீன் பை, பைக்குள் சேமிப்புப் புத்தகம். சிலர் பணம் எடுக்க வருவார்கள். சிலர் கிழமைக்குக் கிழமை மோட்டார் சைக்கிளில் லயத்துக்கு வருகிற குழுக்கடன்காரருக்குக் கொடுப்பதற்காகத் தோட்டை அடகு வைக்க வருவார்கள். மாத முடிவில் மீட்டுப் போய், அடுத்த மாதம் அதே தோட்டோடு திரும்பி வருவார்கள். இரண்டு மாதத்தில் சில தோடுகளையே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

அப்படியொரு நாளில் சம்பளச் சீட்டை நீட்டிய ஒரு பெண்ணிடம், படிவம் எழுதும் அவசரத்தில் சுருக்கமாக, “பேர்?” என்று கேட்டேன்.

“பதினெட்டு, பாப்பா” என்றார்.

பக்கத்தில் இருந்த உத்தியோகத்தர் என்னைப் பார்த்தார். அவருக்குத் தமிழ் ஓரளவு தெரியும். பெயர் கேட்டால் இலக்கம் சொல்கிறாரே என்று அவருக்குப் புதினம். எனக்குப் புதினமில்லை. தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். பிரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை பெயர் பதிந்தால்தான் அன்று சம்பளம். நாளடைவில் பதியப்பட்ட பெயரே நாட்சம்பளத்துக்கும் பெயராகிவிட்டது. குறித்த கிலோ கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். ‘இந்த மாசம் எத்தனை பேர்?’ என்று கேட்டால் எத்தனை நாள் கூலி என்று அர்த்தம். அந்தப் பெண் அந்த மாதம் பதினெட்டு நாள் வேலை செய்திருக்கிறார். கச்சான் மாதம் அல்லவா?

2016 ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி அன்று ஒரு பேர் 730 ரூபா. அதில் அடிப்படைச் சம்பளம் 500. வரவுக்கென்று 60, உற்பத்திக்கென்று 140, விலைப் பங்கென்று 30. அடிப்படை 500 ரூபாவுக்கு மட்டுமே ஊழியர் சேமலாப நிதி கணக்கிடப்பட்டது. தொழிலாளியிடமிருந்து நூற்றுக்கு 8, தொழில் வழங்குநரிடமிருந்து நூற்றுக்கு 12 என்பது சட்டம் சொல்லும் குறைந்த அளவு. அதாவது ஒரு பேருக்கு 40 ரூபாவும் 60 ரூபாவும் சேர்ந்து 100 ரூபா, அந்தப் பெண்ணின் முதுமைக்கென்று எங்கோ ஓரிடத்தில் சேர்ந்துகொண்டிருந்தது. பின்னர் நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும், 2024 இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. நான் சொல்லும் கதை 730 ரூபாக் காலத்தியது.

நேயர்களே, காகிதத்துக்கு மதிப்பு அதில் உள்ள பெயரால் வருகிறது என்பதை மலைநாடு மிகப் பழைய காலத்திலேயே கண்டது. கோப்பிக் காலத்தில் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்தும் நாணயத்தாள் வெளியிட்டும் வந்த ஓரியண்டல் வங்கி, கோப்பி நோயால் தோட்டங்கள் அழிந்தபின் 1884 இல் முறிந்தது. அன்றைய தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அந்த வங்கியின் தாள்களுக்கு அரசின் பேரில் உத்தரவாதம் கொடுத்தார். அவை அதனால் பிழைத்தன. அவருடைய காலத்தில்தான், 1886 இல், ஊவா தனி மாகாணமாயிற்று.

எங்கள் முன்னோருக்கு வாய்த்த காகிதம் வேறு. கங்காணி தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஆள் கூட்டி வந்தபோது வழிச்செலவு முதல் கம்பளி வரை எல்லாமே கடனாக எழுதப்பட்டன. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் அந்தக் கடன் தொகையை எழுதிய ‘துண்டு’ என்ற சீட்டு வேண்டும். புதிய தோட்டம் தொகையைக் கட்டினால்தான் ஆள் நகரலாம். 1921 இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. துண்டில் இருந்தது தொழிலாளியின் பெயர், எழுதியது இன்னொருவர், அதைத் தொழிலாளியால் படிக்க முடியாது. செக்ரோலிலும் அப்படியே. 1948 இல் பிரசாவுரிமை பறிபோனபின், 1949 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எழுதிய விண்ணப்பங்களிலும் அப்படியே. அந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை மறுக்கப்பட்டன. 1964 ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்குப் போனவர்களின் பெயர்களும், இங்கே தங்கியவர்களின் பெயர்களும் மறுபடியும் பட்டியல்களில் ஏறின. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோருக்கும் பிரசாவுரிமை தந்தது. இத்தனை தடவை எழுதப்பட்ட பெயர் ஒவ்வொரு தடவையும் எழுதியவரின் காதுக்கு ஏற்றபடி மாறியது. கணக்கப்பிள்ளை ஒருவிதமாகக் கேட்டார். கிளாக்கர் ஆங்கிலத்தில் இன்னொருவிதமாக எழுதினார். அடையாள அட்டை அதைச் சிங்களத்தில் வேறுவிதமாக எழுதியது.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

ஜூலை மாதம், நான் போய்ச் சேர்ந்த மூன்றாவது கிழமை, ஒரு வயதான அம்மா தன் மகளோடு வந்தார். அவருடைய உண்மைப் பெயரைச் சொல்வது முறையல்ல. மாரியாயி என்று வைத்துக்கொள்வோம். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்துவிட்டு வேலையிலிருந்து நின்றவர். சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். நிதிப் பணம் வந்து விழுவதற்கு ஒரு சேமிப்புக் கணக்கு வேண்டும். தோட்டத்திலிருந்து பிரதான பாதை வரை நடை, அதன்பிறகு பஸ். மகள் அன்று வேலைக்குப் போகவில்லை.

அவர் கொண்டுவந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சேமலாப நிதியில் ‘மாரியாய்’ என்றிருந்தது. அடையாள அட்டையில் ‘மரியாய்’ என்றிருந்தது. இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, மடித்து, பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார்.

“உங்க பேர் என்னங்கம்மா?” என்று கேட்டேன்.

“மாரியாயி” என்றார். அம்மன் பெயர். தெளிவாகச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு அழகான பெயரை எப்படிச் சிதைத்து வைத்திருக்கிறார்கள்! தமிழில் எனக்குப் பற்று உண்டு. பாடசாலையில் தமிழ்த் தினப் போட்டிகளில் பரிசு வாங்கியவள் நான். இந்த ஒரு புத்தகத்திலாவது அந்த அம்மாவின் பெயர் ஒழுங்காக இருக்கட்டும் என்று நினைத்தேன். படிவத்தில், ஆங்கில எழுத்தில், ஒலி பிசகாமல், இரண்டு எழுத்தைக் கூட்டி, மாரியாயி என்றே எழுதினேன். சம்பள நாள் கூட்டம். என் எழுத்தைச் சரிபார்த்த கண்ணிலும் அது தப்பிவிட்டது. அந்த அம்மா பெருவிரல் அடையாளம் வைத்தார். புத்தகத்தைக் கையில் கொடுத்தபோது எனக்கு மனம் நிறைந்திருந்தது. பணம் போட்டதற்கான பற்றுச்சீட்டையும் கொடுத்தேன்.

“இந்தாங்க, பற்றுச்சீட்டு” என்றதும் அந்த அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“பத்துச்சீட்டா? எனக்கு எதுக்கு பாப்பா பத்துச்சீட்டு? நாந்தான் வேலைய விட்டுட்டேனே” என்றார்.

மகள் சிரித்தார், நானும் சிரித்தேன். பழைய தலைமுறைக்குப் பத்துச்சீட்டு என்றால் தோட்டத்தை விட்டு நிறுத்திக் கொடுக்கிற சீட்டு. காசு கட்டியதற்கான சீட்டு என்று விளக்கிச் சொல்லிக் கொடுத்தேன். அன்று குறிப்பேட்டில் ‘புதிய கணக்கு ஆரம்பித்தலில் உதவி’ என்று எழுதினேன்.

ஆகஸ்ட் முடிவில் அந்த அம்மா மகளோடு வந்தார். பணம் விழுந்துவிட்டதா என்று பார்க்க வேண்டுமாம். விழவில்லை. ‘எடுக்குமம்மா, அடுத்த மாசம் பாருங்க’ என்று அனுப்பினேன். செப்டெம்பர் நடுவில் மறுபடி வந்தார். இம்முறை கையில் ஒரு கடிதம் இருந்தது. தோட்டத்தில் யாரும் அதை வாசித்துச் சரியாகப் பொருள் சொல்லவில்லை என்றார். நான் வாசித்தேன். கணக்கிலுள்ள பெயரும் விண்ணப்பத்திலுள்ள பெயரும் பொருந்தாததால் பணம் வைப்பிலிட முடியாது என்றிருந்தது.

எனக்குக் கைகால் ஓடவில்லை. ‘மாரியாய்’ ஒன்று. ‘மரியாய்’ ஒன்று. இந்த இரண்டையும் சேர்த்துக் கட்ட அந்த அம்மா கடன்பட்டுச் சத்தியக்கடதாசி முடித்திருந்தார். நான் மூன்றாவதாக ஒரு பெயரைக் கொண்டுவந்து நடுவில் வைத்துவிட்டேன். அவருக்கு உரியது அந்த மூன்றாவது பெயர்தான். பெற்றவர்கள் வைத்ததும், ஊர் கூப்பிட்டதும், அவரே வாயால் சொன்னதும் அதைத்தான். ஆனால் அந்தப் பெயரில் இந்த நாட்டில் ஒரு காகிதமும் இல்லை.

பொறுப்பாக இருந்த அம்மையாரிடம் போய்ச் சொன்னேன். கண் கலங்கிவிட்டது. அவர் கடிதத்தை வாசித்தார். என் கையெழுத்தில் இருந்த படிவத்தை எடுத்துப் பார்த்தார். திட்டவில்லை. “நங்கி, வங்கியில் பெயர் அழகாக இருக்க வேண்டியதில்லை. எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்” என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னது சரி. ஆனாலும் அந்த வசனம் இன்றுவரை எனக்குள் முழுதாகச் செரிக்கவில்லை. ஒன்றாக இருக்கட்டும், சரி. எதை ஒட்டி ஒன்றாவது? பிழையை ஒட்டித்தானே? பிழையாக எழுதியவர் எவரோ. அந்தப் பிழையைக் கற்றுக்கொண்டு அதன்படி நடக்க வேண்டியவர் அந்த அம்மா.

அன்று மாலையும் வழக்கம்போலக் கணக்கு ஒப்பிட்டார்கள். சதம் பிசகாமல் சரியாக இருந்தது. எல்லோரும் நேரத்தோடு கிளம்பினார்கள். பஸ்ஸில் இருந்து யோசித்தேன். ஒரு சதம் பிழைத்தால் பத்துப் பேர் இருந்து தேடுகிறோம். நான் கூட்டி எழுதிய இரண்டு எழுத்து இரண்டு மாதம் அந்தக் கட்டடத்தில் நிம்மதியாகத் தங்கியிருந்தது. அதைத் தேட ஒருவரும் இருக்கவில்லை. அதைத் தேடியவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவி. அவரும் பஸ் ஏறி வந்து தேடினார். அவரோடு வந்த மகளுக்கு, கணக்குத் திறந்த நாளையும் சேர்த்து, மூன்று பேர் போயிற்று. மாதத்தில் வரவு குறைந்தால் வரவுக் கொடுப்பனவும் போகும். என் தமிழ்ப் பற்றுக்கு அந்தப் பெண் தன் கூலியால் விலை கொடுத்திருக்கிறாள்.

பயிற்சியின் கடைசிக் கிழமையில் அவர்கள் மீண்டும் வந்தார்கள். நான்காவது பயணம். பெயர் திருத்தும் கோரிக்கையை நானே எழுதினேன். அடையாள அட்டையைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எழுத்தின் மேலும் விரலை வைத்து, இருந்தபடியே எழுதினேன். என் கையாலேயே அந்த அம்மாவின் பெயரைக் குறைத்தேன். அம்மையார் இரண்டு தடவை சரிபார்த்தார். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

“என்னை மன்னிச்சுக்கங்கம்மா. பிழை என்னுதுதான். உங்க பேரைச் சரியா எழுதணும்னு நெனச்சு எழுதிட்டேன்” என்றேன்.

அந்த அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். “எம்பேரு எப்படி இருந்தா என்னா பாப்பா, காசு வந்தாச் சரி” என்றார். பிறகு மகளிடம் பையைக் கேட்டு வாங்கினார். பையிலிருந்து இன்னொரு பொலித்தீன் சுற்றை எடுத்தார். அதில் பேத்தியின் பிறப்புச் சான்றிதழும், கிளினிக் புத்தகமும், பாடசாலை அறிக்கையும் இருந்தன.

“எம்பேரு போனது போகட்டும். இந்தக் குட்டி பேரு எல்லாத்திலயும் ஒண்ணாத்தான் இருக்கான்னு பாரு. எங்களுக்கு வாசிக்கத் தெரியாது” என்றார்.

நான் மூன்றையும் மேசையில் பக்கம் பக்கமாக விரித்தேன். பிறப்புச் சான்றிதழும் கிளினிக் புத்தகமும் பொருந்தின. பாடசாலை அறிக்கையில் ஓர் எழுத்து மாறியிருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், சான்றிதழில் உள்ளபடி அந்தப் பிள்ளையின் பெயரை எழுதிக் கொடுத்தேன். இதைச் சான்றிதழோடு கொண்டுபோய் அதிபரிடம் காட்டுங்கள், இப்பொழுதே திருத்தித் தருவார் என்று சொன்னேன். பாடசாலைப் பதிவேட்டில் இன்று ஒரு நாளில் திருத்தக்கூடியதை, பரீட்சைக்கும் அடையாள அட்டைக்கும் வேலைக்கும் போனபிறகு திருத்த எத்தனை சத்தியக்கடதாசி வேண்டும் என்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மா காகிதத்தை நாலாய் மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

நவம்பரில் பணம் வந்துவிட்டதாக அம்மா எனக்குத் தொலைபேசியில் சொன்னார். அப்போது நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பியிருந்தேன். எவ்வளவு வந்தது என்று நான் கேட்கவில்லை.

அன்றைய குறிப்பேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அண்மையில் எடுத்துப் பார்த்தேன். ‘வாடிக்கையாளர் விவரத் திருத்தம்: 1’ என்றிருக்கிறது. கீழே அம்மையாரின் கையொப்பம். அந்த ஒன்றுக்குள் நான் இதுவரை சொன்ன அத்தனையும் அடங்கிப்போயிருக்கின்றன. பயிற்சிக்கு எனக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

பதுளை மாவட்டத்தின் சில பிரதேச செயலகப் பிரிவுகள் 1999 இல் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. புதிய அடையாள அட்டைகளில் தமிழும் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் கருமபீடத்துக்கு உட்பக்கம் இருக்கிறார்கள். இவை நல்ல மாற்றங்கள். ஆனால் உட்பக்கம் போய் உட்கார்ந்த என் போன்றவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் தமிழறிவு மட்டும் அந்த மக்களுக்குப் போதாது. அவர்கள் கையிலுள்ள காகிதத்தைப் பொறுமையாக வாசிக்க வேண்டும். அவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். இரண்டும் பொருந்தாத இடத்தில், நம் விருப்பப்படி எழுதிவிடாமல், பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர்களிடமே கேட்க வேண்டும். நான் அன்று கேட்டிருந்தால், ‘அட்டையில இருக்கிறபடி எழுது பாப்பா’ என்று அந்த அம்மா சொல்லியிருப்பார். அவருக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

இலக்கியம் படைக்கிற நேயர்களுக்கும் ஒரு வேண்டுகோள். காகிதங்களில் குறைந்துபோன பெயர்களை முழுதாக எழுத ஓர் இடம் வேண்டும். வங்கிப் படிவம் அதற்குரிய இடமல்ல என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கதையும் கவிதையும் அதற்குரிய இடங்கள். தெளிவத்தை ஜோசப் ஒரு தோட்டத்தின் பெயரை அப்படித்தான் எழுதி வைத்தார்.

இப்போது படிவங்களில் விலாசம் எழுதும்போது தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் சேர்த்தே எழுதுகிறேன். எழுதியபின் அடையாள அட்டையோடு ஒருமுறை ஒப்பிட்டும் பார்த்துக்கொள்கிறேன்.